இந்தச் சம்பவம் நிர்வாகிக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது

வாகட், புனே
டிசம்பர் 4

பெரிய மச்சான் பத்மநாபன் அவர்களுக்கு,

அன்பும் மரியாதையும், மறைக்காமல் சொன்னால் கொஞ்சம் பயமும் கலந்த வணக்கத்துடன் பக்தவத்சலம் எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கை மல்லிகாவும் மகன் ஷ்யாமும் நலம். அரக்கோணத்தில் வீட்டில் அனைவரும், மணப்பெண் ஸ்ரீரஞ்சனியும் நலமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் முழங்கால் வலி போன மாத அளவைத் தாண்டவில்லை என்றும் நம்புகிறேன். கடிதம் நீளும் என்பதால் முதலில் சுருக்கம்:

1. போன செவ்வாய்க்கிழமை ஸ்பீட் போஸ்டில் நான் அனுப்பிய கடிதத்தைத் தயவுசெய்து திறக்க வேண்டாம்.
2. அதை எழுதக் காரணம் ஒரு சிறிய கணினி.
3. அந்தக் கணினி என்னை ஒரு மேலதிகாரியிடம் போட்டுக் கொடுத்தது.
4. தாங்கள் தீபாவளிக்கு அனுப்பும் லேகியத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.
5. பிப்ரவரியில் ஸ்ரீரஞ்சனி கல்யாணத்துக்கு நாங்கள் வருவது உறுதி. மல்லிகா புடவை எடுத்தாகிவிட்டது.

கணினி என்றதும் தாங்கள் பெட்டியை நினைக்கக் கூடாது. ஒரே ஒரு பலகை, சீட்டுக்கட்டு அளவு, மூடிகூடக் கிடையாது, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். ஷ்யாம் தன் மேசையைச் சுத்தம் செய்தபோது எனக்குக் கொடுத்தான். "அப்பா, இதுல பெரிய சிஸ்டம் போட்டா மூச்சு வாங்கும். லேசான லினக்ஸ் ஒண்ணு போட்டுத் தரேன். படம், பட்டன் எதுவும் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். நீங்க டைப் பண்ணா அது செய்யும்" என்றான். மச்சான், என் எழுபத்தொரு வயதில் 'நீங்கள் சொன்னால் அது செய்யும்' என்று யாரும் எதைப் பற்றியும் என்னிடம் சொன்னதில்லை. பால்கனி வெப்பநிலையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவைக்கும்படி சொன்னேன், குறித்தது. எதிர்த்துப் பேசவில்லை, டீ குடிக்கப் போகவில்லை. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. காலை பதினொன்றேகாலுக்கு இருபத்தாறு டிகிரி என்று மல்லிகாவிடம் மூன்று முறை சொன்னேன், மூன்றாவது முறை அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வினை இங்கேதான் ஆரம்பம். இணையத்தில் படித்த வழிகாட்டியில், அன்றாட வேலையை நிர்வாகியின் பெயரில் செய்யாதீர்கள், அதிகாரம் இல்லாத சாதாரணப் பெயர் ஒன்றை உண்டாக்கி அதில் செய்யுங்கள் என்று இருந்தது. எனக்கு மிகவும் பிடித்துப் போனது. தேஹு ரோடு ராணுவ டெப்போவில் அதிகாரம் இல்லாமல் வேலை செய்து எனக்கு முப்பத்து நான்கு வருட அனுபவம் இருக்கிறது. 'வத்சலம்' என்ற பெயரை உண்டாக்கி அதில் உட்கார்ந்தேன். மறுநாள் ஏதோ ஒன்றை நிறுவ வேண்டியிருந்தது. அதற்கு 'சூடோ' என்று ஒரு சொல் உண்டு, கட்டளைக்கு முன்னால் போட்டால் நிர்வாகியின் அதிகாரத்தோடு செய் என்று பொருள். போட்டேன். ஆங்கிலத்தில் பதில் வந்தது: வத்சலம் அனுமதிப் பட்டியலில் இல்லை, இந்தச் சம்பவம் நிர்வாகிக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது. தவறாகப் படித்துவிட்டேனோ என்ற சந்தேகத்தில் மறுபடியும் தட்டினேன், மறுபடியும் தெரிவிக்கப்பட்டது. நிச்சயப்படுத்திக்கொள்ள மொத்தம் ஏழு முறை தட்டினேன்.

டெப்போவில் ஒரு தடவை தெரிவிக்கப்பட்டாலே மெமோ வரும். ஏழு தடவை தெரிவிக்கப்பட்டவரை நான் பார்த்ததே இல்லை. யார் அந்த நிர்வாகி? லினக்ஸை உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து பராமரிக்கிறார்கள் என்று படித்திருந்தேன், அவர்களில் பெரியவர் யாரோ என்று முடிவு செய்தேன். ஷ்யாமிடம் கேட்டிருக்கலாம், கேட்டால் அவனும் உடந்தை ஆகிவிடுவான், ஹிஞ்சவடி ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கிற பையன். மெமோ வருமுன் தானாக ஒப்புக்கொள்பவருக்குத் தண்டனை குறையும் என்பது நான் கண்ட அனுபவம். ஒப்புக்கொள்வது என்று ஆன பிறகு ஒன்றை மட்டும் சொல்லி என் மற்ற குற்றங்களை மறைக்கலாமா? முதலில் எங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் செயலாளர் தேஜஸ்வினி மேடம் வீட்டு மணியை அடித்து, மொட்டை மாடியில் தடையை மீறிச் சோலார் தகட்டின் மேல் வடகம் காயவைத்தது நான்தான் என்றேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "காகா, வோ ஆப் தே? மைம் தோ கபூதரோம் கோ காலீ தேதீ தீ!" என்றார், தகட்டில் படிந்த கறைக்கு இத்தனை மாதமும் அவர் புறாக்களைத் திட்டிக்கொண்டிருந்தாராம். அதே வேகத்தில் வீட்டுக்கு வந்து தங்களுக்கு அந்த முதல் கடிதத்தை எழுதி, ஆபீஸ் போகிற வழியில் போடச் சொல்லி ஷ்யாமிடம் கொடுத்தேன். மாலையில் கேட்டேன். "போட்டாச்சுப்பா" என்றான்.

ஒரு வாரம் ஆகியும் மெமோ வரவில்லை. காத்திருக்க முடியாமல் நேற்றுக் காலை நிர்வாகியின் பெயரிலேயே உள்ளே போய்ச் சரணடைந்துவிடலாம் என்று நுழைந்தேன். 'உங்களுக்கு அஞ்சல் வந்திருக்கிறது' என்றது திரை. திறந்தேன். ஏழு புகார்கள். குற்றம் செய்தவர் வத்சலம். பெறுநர், இந்த இயந்திரத்தின் நிர்வாகி. அதாவது அந்த நாற்காலியில் அப்போது உட்கார்ந்திருந்தவர். அதாவது நான்! மச்சான், அந்தப் பெயரை ஷ்யாம் எனக்கென்றுதான் போட்டுக் கொடுத்திருந்தான், நிர்வாகி என்ற சொல்லை என்னோடு பொருத்திப் பார்க்க எனக்குத்தான் தோன்றவில்லை. கணினி என்னை என்னிடமே போட்டுக் கொடுத்திருக்கிறது.

புகார் வந்த பின் விசாரிக்காமல் விடுவது முறையல்ல. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விளக்கம் சொன்னேன், எழுந்து போய்ப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். நான்காவது புகாரில் அதிகாரி கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டார். மல்லிகா கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏங்க, யாரத் திட்டுறீங்க?"

"வத்சலத்தை."

"அவரு என்ன சொல்றாரு?"

"இனிமே செய்ய மாட்டேங்கிறார்."

"நல்ல மனுஷன். விட்டுடுங்க பாவம், சாப்பாடு ஆறுது."

எச்சரிக்கையோடு விடுதலை செய்தேன். மத்தியானம் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.

பிறகுதான் முதல் கடிதம் ஞாபகம் வந்தது. தங்கள் இளைய மைத்துனர் விச்சு, ரசத்தில் உப்புக் கம்மி என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னதற்குத் தாங்கள் பன்னிரண்டு வருடமாக அவரோடு பேசவில்லை. மல்லிகாவுக்கென்று இருக்கும் தாய்வீடு தங்கள் வீடு ஒன்றுதான், அந்தக் கதவு என் கடிதத்தால் மூடிவிடக் கூடாது. போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் தாங்கள் 'அதுல என்னதான் எழுதியிருக்கீங்க?' என்று கேட்டால் எனக்குப் பொய் வராது. ஒருவேளை ஏற்கனவே திறந்திருந்தால், மூன்றாம் பத்தியில் வரும் 'காலா ஜாம்', அதாவது கறுப்பு ஜாம், வேறு ஏதோ ஜாம் என்றும், கேட்டில் செக்யூரிட்டி வேலை பார்க்கும் ஷபானா பதினோரு வருடமாக அதைச் சப்பாத்தியில் தடவிச் சாப்பிட்டு ஒருநாள்கூட லீவு போட்டதில்லை என்பதைப் பாராட்டாகவே எழுதினேன் என்றும், "காகா, காலா ஜாம் ஆயா க்யா?", வந்தாச்சா என்று தீபாவளிக்கு முன்பே அவள் கேட்பது பொது அறிவுக்காகக் கேட்பது என்றும் கொள்ள வேண்டுகிறேன்.

மணவீட்டு வேலைகள் தடையின்றி நடக்கவும், தங்கள் முழங்கால் மணமேடைப் படிகளைச் சிரமமின்றி ஏறவும் வேண்டுகிறேன். பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு எங்கள் ஆசி.

தங்கள் அன்பு மைத்துனன்,
பக்தவத்சலம்

பி.கு.: உறையை ஒட்டும் முன் சொல்ல வேண்டியது ஒன்று. சார்ஜர் தேடி ஷ்யாமின் பையில் கைவிட்டால் முதல் கடிதம் உள்ளேயே இருக்கிறது. பயல் போடவே இல்லை. ஆகவே தாங்கள் திறக்காமல் இருக்க அங்கே எதுவும் வராது, இந்தக் கடிதமும் தேவையில்லை. கிழிக்கப் போனேன். மல்லிகா பிடுங்கி இரண்டையும் படித்தாள். படித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பிடித்துச் சிரித்தாள். "அண்ணன் லேகியத்த நான் தின்னேன்னா நெனச்சீங்க? நீங்க ஷபானாவுக்குக் குடுத்தது போக வீட்டுல எடுத்து வெச்சதெல்லாம் செம்பருத்திக்குத்தான் போச்சு. செடியப் பாத்தீங்கல்ல, எப்படி நிக்குது! இதையே அனுப்புங்க. அண்ணன் கோவிச்சா நான் பேசிக்கிறேன், கல்யாணத்துக்கு முன்வரிசையில நான்தான் உக்காருவேன்" என்றாள். அவள் அப்படிச் சொன்ன பிறகு, பார்க்காத பொருளைப் பற்றி முடிவு எழுதக் கூடாது என்று தோன்றி, இருவருமாகக் கீழே போய் ஷபானாவிடம் ஆளுக்கு ஒரு ஸ்பூன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம். மச்சான், பிரமாதம். இன்னொரு ஸ்பூன் கேட்டோம், டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "பஸ் காகா, கதம்", போதும், தீர்ந்தது என்றுவிட்டாள். கல்யாணத்துக்கு வரும்போது எங்களுக்கென்று தனியாக ஒரு டப்பா கிண்டிவைக்க முடியுமா? மேலே நான்காவதாக, லேகியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதியிருக்கிறேன். அது தவறு.