தொட்டிக்குள் ஒரு பேச்சுவார்த்தை

எனக்கு எதையும் நேரடியாகப் பேச வராது. பேச வேண்டியதை முதலில் தனியாகப் பேசிப் பார்த்துவிட வேண்டும். பஸ்ஸில் ஏறினால் "எருமப்பட்டி ஒண்ணு" என்று மனசுக்குள் ஏழெட்டுத் தடவை சொல்லிக்கொள்வேன். கண்டக்டர் வந்து "சில்லறை இருக்குதா?" என்பார். அது ஒத்திகையில் இல்லாத கேள்வி. அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவேன். (இப்படிப் பாதி வழியில் இறங்கி நடந்த தூரத்தையெல்லாம் சேர்த்தால் மேட்டூர் அணையைப் பார்த்துவிட்டே வந்திருக்கலாம்.) பரீட்சைக்குப் பயந்து பத்தாவதில் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். பத்தாவதில் பொதுத்தேர்வு உண்டு என்று கேள்விப்பட்டு ஒன்பதாவதிலேயே விட்டவன் நான் ஒருவன்தான்.

இப்படிப்பட்ட ஆளுக்குத் தகுந்த தொழிலும் அமைந்தது. நாமக்கல்லில் வீடு வீடாகப் போய் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கழுவுவது. தொட்டிக்குள் இறங்கிவிட்டால் யாரோடும் பேச வேண்டியதில்லை. நான், பிரஷ், வாளி, பிளீச்சிங் பவுடர். தொழில் ஆரம்பித்தபோது ஒரு தொட்டிக்கு நானூறு ரூபாய் என்று வைத்தேன். அஞ்சு வருடம் கழித்தும் அதே நானூறு. பிரஷ் விற்கிற கடைக்காரர் ஒவ்வொரு வருடமும் சிரித்துக்கொண்டே விலையை ஏற்றுவார். எப்படி அண்ணா கூச்சமில்லாமல் ஏற்றுகிறீர்கள் என்று அவரிடம் கேட்க ஆசை. அதற்கும் ஒத்திகை பார்த்தேன். கேட்கவில்லை.

என் மனைவி கவிதாவுக்கு ஒத்திகை தேவைப்படாது.

"ஏனுங்க, இந்த மாசம் ரேட்டை அறுநூறாக்குங்க. இல்லீனா எங்கண்ணன்கிட்டச் சொல்லி ரிக் வண்டியில ஏத்தி உட்டுருவேன். ஒடிசாவுல ஆளு வேணும்னு நிக்கறாரு."

அவள் அண்ணன் திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் லாரி வைத்திருந்தார். லாரியில் போனால் ஆறு மாதம் கழித்துத்தான் வீடு. சத்தம், புழுதி, பாஷை தெரியாத ஊர். அங்கே போய் எதையாவது கேட்க வேண்டுமென்றால் முதலில் பாஷையைக் கற்று, அப்புறம் அதில் ஒத்திகை பார்க்க வேண்டும்.

யாரிடம் முதலில் சொல்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ருக்மணியக்காவிடம்தான் சொல்ல வேண்டும். அவர் இருந்த தெருவில் எனக்குப் பதினோரு வீடுகள். அத்தனை வீட்டுக்கும் என்னைச் சேர்த்துவிட்டவர் அவர். அவர் சரி என்றால் பதினோரு வீடும் சரி என்னும். அவர் முகத்தைச் சுளித்தால் பதினோரு வீடும் போச்சு, நான் ஒடிசா.

போன அன்று வாசலில் ஆத்தூர்க் கார் ஒன்று நின்றது.

"வா சாமி. எம் பொண்ணோட மாமனாரு, மாமியா ரெண்டு பேரும் நேத்துச் சாயங்காலமே வந்துட்டாங்க. ஒறம்பர சனம் ஊட்டுல இருக்கறப்பச் சட்டுனு முடிச்சுரோணும்" என்றார் அக்கா. பிறகு உள்ளே திரும்பி, கொஞ்சம் சத்தமாக, "நாங்க ஆறு மாசத்துக்கொருக்காத் தவறாமத் தொட்டி கழுவிருவமுங்க சம்பந்தி" என்றார். ஜவ்வரிசி மில் வைத்திருந்த அந்தச் சம்பந்தி மரியாதையாகத் தலையாட்டியபடி காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

சமையலறையில் பலகாரம் சுடும் வாசனை. பக்கத்து வீட்டுச் செல்வியக்கா உதவிக்கு வந்திருந்தார். இத்தனை பேர் நடுவில் விலையைப் பற்றி வாய் திறப்பதா? வழக்கம்போல, "எல்லாப் பைப்பையும் தொறந்து உட்டுருங்க்கா, லைன்ல இருக்கற தண்ணி எறங்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன். அதன் பொருளை அன்றுவரை யோசித்ததில்லை.

அது காங்கிரீட் தொட்டி. குடிக்கிற காவிரித் தண்ணீர் ஏறுகிற தொட்டி. தண்ணீரை வடித்துவிட்டு உள்ளே இறங்கினேன். மேலே துண்டு வானம், சுற்றிலும் சுவர். வீட்டுக்குத் தண்ணீர் போகும் ஓட்டை தரையை ஒட்டி இருக்கும். அதைச் சுற்றித்தான் பாசி அதிகம். குத்துக்காலிட்டு, முகத்தை அதற்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தேன். உலகத்தில் இதைவிடத் தனிமையான இடம் கிடையாது என்று தோன்றியது. ஒத்திகையை ஆரம்பித்தேன்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இனிமே தொட்டிக்கு அறுநூறுங்க்கா."

குரல் கணீரென்று இருந்தது. (தொட்டிக்குள் யார் பேசினாலும் கணீரென்றுதான் இருக்கும். எனக்கு அது என்னுடைய துணிச்சல் என்று பட்டது.) அக்காவின் பதிலையும் நான்தானே சொல்ல வேண்டும்? அவருக்குக் குரல் கொஞ்சம் மூக்கால் வரும், கடைசியில் இழுக்கும். அதையும் விடாமல் சேர்த்துக்கொண்டேன்.

"ஏன் சாமீஈ... தண்ணியத் தண்ணி ஊத்திக் கழுவறதுக்கு அறுநூறா?"

"தண்ணி மட்டுமாங்க்கா? மூடி ஒடஞ்சு ரெண்டு வருசமாச்சு. போன தடவ உள்ள ஒரு அணில் செத்துக் கெடந்துச்சு. நீங்க சங்கடப்படுவீங்கன்னு மூச்சு உட்டனா? இன்னைக்கு ரெண்டு பல்லி. அதையும் மறைக்கத்தான் போறேன். இப்படி மறைக்கறதுக்கே தனியா நூறு ரூவா குடுக்கோணும் நீங்க."

என் வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக நான் பேசியதில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கவலைப்படுகிறவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிராளி என்ன சொல்வார் என்பதை எதிராளியைவிட நன்றாக யோசித்துவிடுவான்.

"அப்படியா சாமீஈ... அப்பத் தெரிஞ்சே எங்களை அணில் தண்ணி குடிக்க வெச்சிருக்கறயா? இது வரைக்கும் வாங்குன காசை எல்லாம் எண்ணி வையி."

பிரஷைக் கீழே வைத்துவிட்டேன்.

"அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க்கா. ஐநூறு குடுங்க போதும்."

"ஐநூறா?"

"பழைய நானூறே இருக்கட்டுங்க்கா."

"செஞ்ச காரியத்துக்குக் கொறைக்கவே மாட்டயா?"

"முந்நூத்தி அம்பது. அதுக்கு மேல வேண்டாமுங்க்கா, மன்னிச்சுக்குங்க."

ஆக, ஒரு மனுஷனும் எதிரில் இல்லாத இடத்தில், என்னிடமே பேரம் பேசி, என் கூலியிலிருந்து ஐம்பது ரூபாயைக் குறைத்துக்கொண்டேன். களைப்பாக இருந்தது. சுவரில் சாய்ந்து வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது அக்காவின் குரல் மறுபடியும் கேட்டது.

"சாமி, பேசி முடிச்சுட்டயா?"

எனக்கு முதலில் தோன்றியது, நம் நடிப்பு எவ்வளவு தேறிவிட்டது, வாயைத் திறக்காமலே வருகிறதே என்றுதான். குரல் தரையோரத்து ஓட்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"முந்நூத்தி அம்பது எனக்குச் சம்மதந்தான். கீழ எறங்கி வா."

"வாரனுங்க்கா" என்று ஓட்டையிடம் பணிவாகச் சொன்னேன்.

பிறகுதான் புரிந்தது. வீட்டில் எல்லாக் குழாயும் திறந்திருக்கிறது. திறக்கச் சொன்னதே நான். தண்ணீர் முழுக்க வடிந்த குழாய்க்குள் என் வாயை வைக்காத குறையாகப் பேசியிருக்கிறேன். சமையலறை, ஹால் வாஷ்பேசின், இரண்டு குளியலறை என்று நாலு இடத்தில் ஒரே நேரத்தில் நான் ஒலிபரப்பாகியிருக்கிறேன். சாயங்காலம் வரை உள்ளேயே இருந்துவிடலாமா என்று யோசித்தேன். ஒடிசா அப்போது அவ்வளவு தூரமாகத் தெரியவில்லை.

கீழே இறங்கி ஹாலுக்குப் போனேன். டீப்பாயின் மேல் இரண்டு காப்பி டம்ளர்கள் பாதியில் நின்றன. ஆத்தூர்ச் சம்பந்திதான் முதலில் கேட்டார்.

"ஏம்பா, அந்த அணில் எத்தினி நாளாக் கெடந்திருக்கும்?"

உண்மையைச் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"வால் மட்டும் முழுசா இருந்துச்சுங்க."

சம்பந்தியம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போனார். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது.

ருக்மணியக்கா அணிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "என் கொரலு அப்படியா மூக்குல வருது?" என்றார். நான் சம்பந்தியைப் பார்த்தேன். சம்பந்தி மின்விசிறியைப் பார்த்தார்.

மறுபடியும் மேலே போய் வேலையை முடித்துவிட்டு வந்தேன், வாயைத் திறக்காமல். அக்கா பணத்தை நீட்டினார். முந்நூற்றைம்பது.

"அக்கா, எப்பவும் நானூறு..."

"அறுநூறுன்னு ஆரம்பிச்சதும் நீ. முந்நூத்தி அம்பதுன்னு முடிச்சதும் நீ. நடுவுல நான் ஒரு வார்த்த பேசினனா சாமி?"

பேசவில்லை. அதை மறுக்க முடியாது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். கவிதா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. போனை எடுத்து, "அண்ணா, வண்டி என்னைக்குக் கெளம்புது?" என்று கேட்டாள். "வெள்ளிக்கிழமையா? சரிங்ணா." என் சட்டைகளை மடித்து ஒரு பைக்குள் வைத்தாள். நானும் ஒரு கைலியை எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. பக்கத்து வீட்டுச் செல்வியக்கா.

"ஏப்பா, எங்கூட்டுத் தொட்டிய இன்னைக்கே வந்து பாரு. நேத்து நீ அணில்னு சொன்னதுமே அடுப்பை அப்படியே உட்டுட்டு ஓடியாந்து எங்க மாடிக்குப் போயிட்டேன். எங்குளுதுலயும் மூடி சரியில்ல. அந்த அறுநூறே வாங்கிக்க."

அணில் என்ற இடத்தில் அவர் ஓடிவிட்டார். ஆகவே முந்நூற்றைம்பது அவர் காதில் விழவில்லை. அந்தத் தெருவுக்கு அவர் கொண்டுபோன செய்தியில் இரண்டே விஷயங்கள்தான்: அணில், அறுநூறு. வெள்ளிக்கிழமைக்குள் பத்து வீடுகள் கூப்பிட்டன. ஒருவரும் பேரம் பேசவில்லை. பாதிப் பேர் "உள்ள என்ன கெடந்தாலும் எங்கிட்டச் சொல்லாத" என்றார்கள். மீதிப் பேர் "எது கெடந்தாலும் எடுத்தாந்து காட்டு" என்றார்கள். கவிதா பையிலிருந்த சட்டைகளை ஒன்றொன்றாக வெளியே எடுத்துவிட்டு, "அண்ணா, வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டாள்.

ருக்மணியக்கா வீட்டில் மட்டும் இன்றுவரை முந்நூற்றைம்பதுதான். தொட்டிக்குப் புது மூடி போட்டுவிட்டார். ஆத்தூர்ச் சம்பந்தி வரும்போதெல்லாம் காரில் ஒரு தண்ணீர் கேனும் வருகிறது. நான் தொட்டிக்குள் இறங்கியதும் அக்கா ஹால் வாஷ்பேசின் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார் என்று கேள்வி. நான் வாயே திறப்பதில்லை. அவரும் விடுவதில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உட்காருகிறார்.

போன மாதம், கூலியை எழுநூறாக்கினால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயை இறுக்கி மூடி, அதன் வாயில் துண்டையும் சுற்றிவிட்டு மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். அறுநூற்றைம்பதுக்கு இறங்கியிருந்தபோது கதவுக்கு வெளியிலிருந்து கவிதாவின் குரல் கேட்டது, மூக்கால்.

"ஏன் சாமீஈ... முந்நூத்தி அம்பதுக்கு எப்ப வருவீங்க? தோசை ஆறுது."