பண்டாரவின் பக்கத்து இருக்கை

செத்தாலும் அந்தப் படத்தைப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தேன். ஹட்டனில் ஓடுகிறது. ஒரு தமிழ்ப் பொலிஸ், ஒரு சிங்களப் பொலிஸ். ஒருவன் பாஷை மற்றவனுக்குத் தெரியாது. சேர்ந்து திருடனைப் பிடிக்கிறார்களாம். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளே காலியாகிப் போய்ச் சிரித்துவிட்டு வந்தன.

எனக்குப் பொலிஸ் என்றாலே பண்டாரதான். லயத்துக்குக் கீழே குடியிருக்கும் சிங்களச் சார்ஜன். ஒரு தீபாவளிக்கு என் வீட்டில் முறுக்குத் தின்றான். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் என்னையே மறித்து, "ஐடென்டி காட் எங்கே?" என்று அடையாள அட்டை கேட்டான். என் முறுக்கைத் தின்றவனுக்கு நான் எந்த நாட்டுக்காரன் என்று தெரியாதா? அன்றோடு பேச்சு நின்றது. அவன் பென்ஷனில் போய்விட்டான். என் கோபம் இன்னும் வேலையில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மீனம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் படத்துக்கு மகன் வாங்கிக் குடுத்த டிக்கட்டு. என்னால போக முடியாது. அடுப்புல போடுறேன்."

"அடுப்புலயா? கிறுக்கா ஒனக்கு?"

"நீங்கதான் பாக்கமாட்டீங்களே."

"பாக்கமாட்டேன்தான்."

"பாதி சிங்களம் வேற. ஒங்களுக்குப் புரியாது."

"எனக்கா புரியாது? குடு இங்க!"

ஹட்டன் தியேட்டரில் படம் தொடங்கியதும் பக்கத்து இருக்கையில் ஒரு தொப்பை வந்து உட்கார்ந்தது. பண்டார! எழுந்து ஓடலாமென்றால் வழி முழுக்க முழங்கால்கள். நெளிந்தேன். அவனும் நெளிந்தான். தமிழ் வசனத்துக்கு நான் சிரித்தால் அவன் முழித்தான்.

"என்ன சொன்னான்?" என்று சிங்களத்தில் கேட்டான்.

நான் திரையையே பார்த்தேன். விலாவில் குத்திக் கேட்டான். தொல்லை தாங்காமல் சொல்லித் தொலைத்தேன். என் தொடையில் அடித்துச் சிரித்தான்.

இடைவேளையில் விளக்கு எரிந்தது.

"உன் சம்சாரம் வரல்லியா?" என்றேன்.

"முழங்கால் வலி."

"எந்தக் கால்?"

"இடது."

மீனம்மாவுக்கும் இடதுதான். இருவரும் மெல்லத் திரும்பினோம். பின்வரிசையில் மீனம்மாவும் அவன் மனைவி சுமனாவும் ஒரே பையில் கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்துகொண்டார்கள். மிச்சமிருந்தது பண்டாரவின் பக்கத்து சீட். உட்காருமுன் அவனை விடுவேனா?

"ஐடென்டி காட் எங்கே?" என்றேன் சிங்களத்தில். எத்தனை வருஷத்துக் கேள்வி!

சட்டைப் பையைத் தடவினான். இல்லை. முகம் வெளுத்தது.

"நாட்டுக்காரன்னா இப்படி வச்சிருக்கணும்!" என்று என் பையில் கைவிட்டேன். அங்கேயும் இல்லை.

முன் சீட்டிலிருந்து மீனம்மா இரண்டு அட்டைகளையும் தூக்கிக் காட்டினாள்.

"காலையிலயே எடுத்துட்டோம், ரெண்டும் எங்ககிட்டதான் இருக்கு. சண்டை போட்டுப் பொலிஸ்ல மாட்டுனா, நீங்க யாருன்னு நாங்க வந்து சொன்னாத்தான் உண்டு. பேசாம ஒக்காருங்க."

உட்கார்ந்தேன்.