சாக்கே குடிக்கும் முறை

முடிவெடுத்துவிட்டேன். இந்தச் சனிக்கிழமை என் சொந்த வீட்டில், என் மனைவி கிருஷ்ணகுமாரியின் கண்முன்னால், மரியாதையாக உட்கார்ந்து குடிப்பேன். ஒஸ்லோவே திரண்டு வந்தாலும் பின்வாங்க மாட்டேன்!

போன வருடம், 2005இல், நகரின் ரொம்மன் பகுதியில் ஒரு பிறந்தநாள் விழா. அங்கே நான் கேக் மேசையில் ஏறிப் பாடினேனாம். அன்றே குமாரி பிள்ளையார் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தாள்: "இந்த மனுசனுக்கு இனி என்ர கையால ஒரு சொட்டும் ஊத்திக் குடுக்கமாட்டன்."

ஊற்றித் தரமாட்டேன் என்றுதானே சொன்னாள்? குடிக்கக்கூடாது என்று சொல்லவில்லையே! இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

வழிகாட்டியது வேலையிடம். ஒரு மாலை அங்கே சாக்கே அறிமுக வகுப்பு நடத்தினார்கள். சாக்கே என்றால் யப்பானியரின் அரிசி மது. கொப்பி நிறைய எழுதிக்கொண்டேன். சனிக்கிழமையும் வந்தது. அரச மதுக்கடை மூடுவதற்குள் ஓடிப்போய் ஒரு சின்னப் போத்தல் வாங்கினேன். கார்த்திகைக்கு ஏற்றும் சிட்டி விளக்கு அளவில் இரண்டு கிண்ணங்களும் கிடைத்தன. குரோருட்டில் வீட்டுக்கு வந்து சேர்ந்து, எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன்.

"இதென்னப்பா, சாராயமோ?"

"சீ! சோறும் அரிசி, இதுவும் அரிசி. இது கலாசாரம், குமாரி."

"அப்பிடியே? எப்பிடிக் குடிக்கிறது? சொல்லுங்கோவன்."

கேட்டுவிட்டாள்! எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முதலில் மணக்க வேண்டும், பிறகு ஒரு மிடறு, அதை நாக்கில் வைத்திருந்து மெல்ல விழுங்க வேண்டும் என்று விளக்கினேன்.

"இனித்தான் முக்கியம். தன்ர கிண்ணத்துக்குத் தானே ஊத்தக்கூடாது. மற்ற ஆளுக்குத்தான் ஊத்தவேணும். அந்த ஆளின்ர கிண்ணம் வெறுமையா இருக்கவும் விடக்கூடாது. தானே ஊத்திக் குடிக்கிறவன்தான் குடிகாரன்."

"நல்ல முறை," என்று கிண்ணத்தை நீட்டினாள்.

ஊற்றினேன். மணந்தாள். நாக்கில் வைத்திருந்தாள். விழுங்கினாள்.

"பரவாயில்லை. இஞ்சை வெறுமையா இருக்கு, பாருங்கோ."

ஊற்றினேன்.

"குமாரி, எனக்கு?"

"பிள்ளையாருக்குச் சத்தியம் பண்ணிப்போட்டனெல்லே?"

"நீர் மட்டும் குடிக்கிறீர்!"

"நான் குடிக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணேல்லையே."

"அப்ப நானே எனக்கு ஊத்திறன்."

"ஐயோ, அது குடிகாரர் செய்யிற வேலை எண்டு இப்பதானே சொன்னனீங்கள்! எனக்கு முடிஞ்சுது. ஊத்துங்கோ."

போத்தல் காலியாகும்வரை முறை தவறாமல் ஊற்றினேன்.

பிறகு கழுவப் போனேன். ஒரு கிண்ணம்தான் நனைந்திருந்தது.