தலைகீழ்க் கெளுத்தியின் மேல்முறையீடு

ஒரு காட்டில் வாஸ்துப் பைத்தியம் பிடித்த கரடி ஒன்று இருந்தது. குகையின் வடகிழக்கு மூலையில் மீன்தொட்டி வைத்தால் தேன் பெருகும் என்று யாரோ சொல்ல, உடனே ஒன்றை வாங்கி வைத்தது. உள்ளே ஒரு தங்கமீன், ஓர் ஆப்பிரிக்கக் கெளுத்தி.

அந்தக் கெளுத்தி மல்லாந்துதான் நீந்தும். அதன் குலமே அப்படி. வயிற்றை மேலே காட்டிக்கொண்டு, மிதக்கிற தீனியைப் படுத்தபடியே அள்ளித் தின்னும். சொகுசான பிறவி!

காட்டில் மீன்நல ஆய்வாளர் வேலையைக் கொக்குக்குக் கொடுத்திருந்தார்கள். கொடுத்தவர்களைத்தான் சொல்லவேண்டும். தொட்டியை எட்டிப் பார்த்ததுமே கொக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டது.

“கரடியாரே, உங்க கெளுத்தி காலமாயிடுச்சு. மல்லாந்து மிதந்தா செத்த மீன்னுதான் விதி சொல்லுது. அடக்கத்துக்கு நானே எடுத்துட்டுப் போறேன்.”

“ஐயா, நான் பேசிக்கிட்டிருக்கேனே!” என்று அலறியது கெளுத்தி.

“ஆவி பேசுறதெல்லாம் கணக்குல வராதுப்பா” என்றது கொக்கு.

கெளுத்தி குப்புறப் புரண்டு பார்த்தது. தலைசுற்றி மறுபடி மல்லாந்துவிட்டது. கரடிக்கு மனசு கேட்கவில்லை.

“நல்லா சாப்பிடுதே கொக்காரே. எதுக்கும் பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா?”

பெரியவர் என்றால் மேலதிகாரி வௌவால். அதே குகையின் கூரையில்தான் தொங்கியபடி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினார்கள். தொங்கியபடியே தொட்டியைப் பார்த்தார்.

“கெளுத்திக்கு என்ன கேடு? ஜம்முன்னு நேராத்தானே நீந்துது! நீங்க ரெண்டு பேரும் ஏன்யா தலைகீழா நிக்கிறீங்க?”

கரடி அவசரமாகத் தலையை ஊன்றிக் காலைத் தூக்கியது. கொக்கு அனுபவசாலி, ஏற்கெனவே கூரையில் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டிருந்தது.

வௌவாலின் பார்வை தங்கமீன்மேல் விழுந்தது. “அடப்பாவமே, இது எப்ப செத்துச்சு? மல்லாந்து கிடக்கே!”

தங்கமீன் பதறிப்போய்ப் புரண்டு பார்த்தது. உருண்டை உடம்பு ஒத்துழைக்கவில்லை. “கெளுத்தி அண்ணே, நான் உயிரோட இருக்கேன்னு நீங்களாவது சொல்லுங்கண்ணே!”

கெளுத்தி நல்ல ஜீவன்தான். ஆனால் அதற்கே இப்போதுதான் உயிர் திரும்பியிருந்தது. அது வௌவாலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது.

“காலையிலகூட நல்லாத்தாங்க இருந்துச்சு. தங்கமான மீன்.”

கொக்கு மௌன அஞ்சலி செலுத்திவிட்டு விழுங்கியது.

நீதி: நேராக நீந்துகிறோமா என்று கவலைப்படாதே, மேலதிகாரி எப்படித் தொங்குகிறார் என்று பார்.