எண்பத்தாறு சென்டிமீட்டருக்கு மேல்

"இது ஆம்பளப் பிள்ளைக்கா, பொம்பளப் பிள்ளைக்கா?"

சுங்க அதிகாரி கெனெஷ்பெக் கோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கேட்டார். பஞ்சு வைத்துத் தைத்த குழந்தைகள் பனிக்கோட்டு. நீல நிறம். காது மூடும் தொப்பியோடு.

பெர்மெத் தான் எழுதிய சுங்கப் படிவத்தை எட்டிப் பார்த்தாள். அதில் 'சிறுவர்' என்று எழுதியிருந்தாள். ஏன் அப்படி எழுதினாள் என்று இப்போது யோசித்தால் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. நீலமாக இருந்தது, எழுதிவிட்டாள்.

சுங்கவரிப் பட்டியலில் சிறுவர் கோட்டுக்கு ஒரு எண், சிறுமியர் கோட்டுக்கு இன்னொரு எண். எண் தப்பென்றால் படிவம் தப்பு. படிவம் தப்பென்றால் லாரி முற்றத்திலேயே நிற்கும். அந்த முற்றத்தில் போன வருஷத்து லாரி ஒன்று இன்னும் நின்றுகொண்டிருந்தது. அதன் கூரையில் காகம் கூடு கட்டியிருந்தது.

"நாளைக்குச் சொல்றேண்ணே" என்றாள்.

"அவசரமில்ல தங்கச்சி. நல்லா பாத்துட்டே சொல்லு."

அவள் கொடுத்த படிவக் கட்டை அவர் இரண்டு நிமிடம் புரட்டிவிட்டு ஓரமாக வைத்திருந்தார். கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரலையும் தாழ்த்திக்கொண்டார். அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வெளியே வந்து முதலாளி ரிஸ்பெக்குக்குப் போன் போட்டாள். அவருக்கு நரின் நகரத்துப் பஜாரில் மூன்று கடைகள்.

"என்னாச்சு?"

"ஆணா பொண்ணான்னு கேக்குறாரு."

"யார?"

"கோட்ட."

ரிஸ்பெக், "எதையாவது எதிர்பாக்குறாரோ?" என்றார்.

"அவரா? அடுத்தவன் டீயக்கூடத் தொடமாட்டாருண்ணே. வீட்டுலேருந்து பிளாஸ்க் கொண்டு வர்றவரு."

"அப்ப இன்னும் மோசம். இங்க பாரு, அடுத்த திங்கக்கிழமை பாலர் பள்ளிகளுக்கு நான் சரக்கு குடுத்தாகணும். வெள்ளிக்கிழமைக்குள்ள லாரி வெளிய வரல, நீ பழையபடி ரொட்டிக் கடைக்கே போயிடு."

பெர்மெத் ஆறு வருஷம் ரொட்டி விற்றவள். சுங்கப் படிவம் எழுதும் பரீட்சையில் இரண்டாவது தடவைதான் தேறினாள். இந்த வேலையில் சேர்ந்து இரண்டு மாதம். அவள் தனியாகப் பார்க்கும் முதல் லாரி இது. மறுபடி அதிகாலை நாலு மணிக்கு மாவு மூட்டைக்கு முன்னால் நிற்பதைவிட, இந்த முற்றத்திலேயே உறைந்துபோகலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்தத் திங்கட்கிழமை மாலையே விதிப்புத்தகத்தைப் பிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பதில் தயாராக இருந்தது.

"அண்ணே, முன்பக்கம் இடது ஓரம் வலது ஓரத்துக்கு மேல வந்தா பையன். வலது மேல வந்தா பொண்ணு. இதுல நேரா ஜிப்பு. எதுவும் எது மேலயும் வரல."

"அப்ப?"

"எதுன்னு தெரியலைன்னா பொண்ணு."

கெனெஷ்பெக் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியலைன்னா பொண்ணா? யாரு சொன்னா?"

"விதிண்ணே. உலகம் பூரா அப்படித்தான்."

"உலகம் பூராவா!" அவர் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்த மாதிரி இருந்தது. பெர்மெத் மூச்சு விட்டாள்.

"சரி. இது எந்த உயரம் வரைக்கும்?" என்றார்.

விட்ட மூச்சு திரும்பி வந்தது.

எண்பத்தாறு சென்டிமீட்டர். பரீட்சையில் அவளை முதல் தடவை கவிழ்த்த எண். எண்பத்தாறு வரை உயரமுள்ள பிள்ளைக்கு என்றால் அது கைக்குழந்தை உடுப்பு. அதற்குத் தனி எண். அதில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. அதற்கு மேல் போனால்தான் சிறுவர், சிறுமியர். கோட்டின் கழுத்துப்பட்டியில் உயரமே போடவில்லை. ஒரு கரடிப் படம் மட்டும் இருந்தது.

"அளந்து காட்டுறேண்ணே."

"காட்டேன். பாத்தா தெரிஞ்சுடும்."

சுங்க முற்றத்துச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிற நூர்பூபூவுக்கு இரண்டரை வயதில் ஒரு பெண். பெகைம் என்று பெயர். புதன்கிழமை காலை அவளைக் கதவு நிலையோடு நிறுத்தி அளந்தார்கள். எண்பத்தொன்பது. பெர்மெத் அவளைத் தூக்கி முத்தமிட்டாள்.

"எதுக்குடி எம்பொண்ண சுங்கத்துக்குக் கொண்டுபோற?" என்றாள் நூர்பூபூ. "வரி போட்டுடப் போறாங்க."

"அஞ்சு நிமிஷம்க்கா. சாட்சி சொல்லிட்டு வந்துடுவா."

கோட்டு பெகைமுக்கு அச்சாகப் பொருந்தியது. கெனெஷ்பெக் தரையில் மண்டியிட்டார். பதினெட்டு வருஷச் சேவையில் அவர் யாருக்கும் மண்டியிட்டதில்லை என்று வாசலில் நின்ற லாரி ஓட்டுநர் மமாசாதிக் பிறகு எல்லோரிடமும் சொன்னான்.

"திரும்பு கண்ணு. இந்தப் பக்கம். கையத் தூக்கு." அக்குளில் விரலை விட்டுப் பார்த்தார். தொப்பியை இழுத்துப் பார்த்தார். "கச்சிதமா இருக்கு. ஆனா வளர்ற பிள்ள. அடுத்த வருஷம் என்ன பண்றது?"

பெர்மெத் இதை எதிர்பார்க்கவில்லை. சமாளித்துக்கொண்டாள்.

"இறக்குமதி பண்ற அன்னிக்கு என்ன உயரமோ அதுதாண்ணே கணக்கு. அடுத்த வருஷத்தப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல."

"அத எழுதினவனுக்குப் பிள்ள இல்ல போல" என்றார் கெனெஷ்பெக். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "தண்ணி உள்ள போகுமா?"

தண்ணீர் உள்ளே போகாத, ரப்பர் பூசிய துணி என்றால் அதற்கு வேறு எண். இதைக் கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். கேட்டால் நிரூபித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். சாதாரணத் துணிதான். ஊற்றினால் சொட்டும். தொழிற்சாலைக்காரன் போனில் சத்தியம் செய்திருந்தான்.

"பாருங்கண்ணே" என்று இன்னொரு கோட்டை மேஜைமேல் விரித்து, மேஜையிலிருந்த கூஜாவைக் கவிழ்த்தாள்.

ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. அத்தனையும் மேஜையில் ஓடி, அவருடைய நாட்குறிப்பை நனைத்து, அவர் மடியில் இறங்கியது.

"அடேயப்பா!" என்றார் கெனெஷ்பெக். கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கோட்டின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "காஞ்சு கிடக்கு!"

அவர் குரலில் இருந்த சந்தோஷம் அவளைக் கொன்றது. பெகைம் கோட்டைக் கழற்ற மறுத்து ஊரைக் கூட்டினாள். அவளை அப்படியே தூக்கிக்கொண்டு பெர்மெத் வாசலை நோக்கி ஓடினாள்.

"ஒரு நிமிஷம் தங்கச்சி. எல்லாம் இதே நீலம்தானா?"

அவ்வளவுதான் என்று நினைத்தாள். முழுச் சோதனை. மூட்டை மூட்டையாகப் பிரித்துப் பார்க்கப் போகிறார்.

ரிஸ்பெக்குக்குப் போன் போட்டாள். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"தண்ணி ஏன் ஊத்தின?"

"நிரூபிக்கத்தான்."

"எத?"

"உள்ள போகும்னு."

"குழந்தைங்க பனிக்கோட்டுல தண்ணி உள்ள போகும்னு அதிகாரிகிட்ட நிரூபிக்கப் போனியா? நல்லவேள, பஜார்ல உன்ன உக்கார வெக்கல."

வியாழக்கிழமை, கெனெஷ்பெக் கேட்பதற்கு முன்னாலேயே தான் முந்திக்கொள்வது என்று தீர்மானித்தாள். மமாசாதிக்கின் கையில் காலில் விழுந்து, முந்நூற்று அறுபது கோட்டுகளில் பெகைம் கழற்றாத ஒன்று போக மீதி அத்தனையையும் இறக்கினாள். மற்ற ஓட்டுநர்களும் கைகொடுத்தார்கள். அவர்களுக்கும் பொழுது போகவேண்டியிருந்தது. பனி பெய்துகொண்டிருந்ததால் தரையில் வைக்க முடியவில்லை. முற்றத்து வேலி நெடுகத் தொப்பியைக் கம்பியில் மாட்டித் தொங்கவிட்டார்கள். தலையில்லாத முந்நூற்று ஐம்பத்தொன்பது பிள்ளைகள் வேலியில் ஏறித் தப்பிக்கப் பார்ப்பது போல இருந்தது.

தொழிற்சாலைக்காரன் சொல்லாமல் செய்த வேலை அப்போதுதான் தெரிந்தது. பெகைம் போட்டிருப்பதையும் சேர்த்து நூற்றெண்பது நீலம். நூற்றிருபது சிவப்பு. அறுபது, பித்தம் கூடியவன் எடுத்த வாந்தி மாதிரி மஞ்சள்.

சாலையில் ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒருவன் குதிரையை நிறுத்தினான். "என்ன விலைம்மா?"

"விக்கிறதுக்கில்ல! சுங்கத்துல இருக்கு!"

"பின்ன ஏன் கடை விரிச்சிருக்க?"

நிறத்துக்கு ஒன்றாக மூன்று கோட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனாள். எல்லாவற்றையும் தானே ஒப்புக்கொண்டாள். நிறம் மூன்று, உயரம் எண்பத்தொன்பது, தண்ணீர் போகாது, ஜிப்பு நேர்.

கெனெஷ்பெக் கதவைச் சாத்தினார். சிவப்பை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஏதோ திருடப் போகிறவர் மாதிரி தொண்டையைக் கனைத்தார்.

"விலை என்ன போட்டிருக்க?"

"எண்ணூறு சோம்."

"எண்ணூறா?" அவர் கண்கள் விரிந்தன. "சும்மா சொல்லாத. பஜார்ல மூவாயிரத்துக்குக் குறஞ்சு இப்படி ஒண்ணு கிடைக்குமா? எனக்காகச் சொல்லாத தங்கச்சி. உண்மையான விலையச் சொல்லு. இந்தக் கதையெல்லாம் என்கிட்ட ஆகாது."

பெர்மெத் மூன்று கோட்டுகளையும் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். விலையைக் குறைத்துக் காட்டினாள் என்று சொல்கிறார். எண் தப்பென்றால் படிவம்தான் போகும். விலை பொய்யென்றால் உரிமமே போகும்.

அவள் அழவில்லை. அழலாம் என்று நினைத்து வெளியே வந்தவளுக்கு, வேலியில் தொங்கிய கோட்டுகளைப் பார்த்ததும் கோபம் வந்தது. நாலு நாளாக ஒரு மனிதர் கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையையே சொல்லியிருக்கிறாள். பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். சத்தியமாக எண்ணூறுதான். எண்ணூறுக்காக உயிரையும் விடலாம் என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் அந்தக் கதவைத் தட்டவில்லை. திறந்தாள். சாத்தவும் விடவில்லை. மமாசாதிக்கும் ஏழெட்டு ஓட்டுநர்களும் நடையில் கூடிவிட்டார்கள். நூர்பூபூ கரண்டியோடு வந்து நின்றாள். அவள் இடுப்பில் பெகைம், இன்னும் அதே கோட்டில்.

"உக்காருங்கண்ணே" என்றாள் பெர்மெத். கெனெஷ்பெக் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்.

"இது தொழிற்சாலை விலைப்பட்டியல். முத்திரையோட. இது பாங்குல பணம் கட்டின சீட்டு. இது லாரி வாடகை. கூட்டிப் பாருங்க." ஒவ்வொரு காகிதத்தையும் மேஜையில் அறைந்தாள். "ஜிப்பு நேரா இருக்கு, அதனால பொண்ணு. எண்பத்தொன்பது உயரம், அதனால கைக்குழந்தை இல்ல. தண்ணி போகல, ஆனா மேல எதையும் பூசல. நெருக்கமான நெசவு. இதோ ஆய்வுக்கூடத்துச் சீட்டு, ராத்திரி பஸ்ஸுல வரவழைச்சேன். கலர் மூணு. கலரப் பத்தி எந்த விதியும் கேக்கல, நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க, அதுக்கும் சொல்லிட்டேன். விலை எண்ணூறு. எண்ணூறேதான்! ஒரு சோம் ஏத்தவும் மாட்டேன், ஒரு சோம் இறக்கவும் மாட்டேன். இதுக்கு மேல உங்ககிட்ட ஏதாவது கேள்வி இருந்தா, இத்தன பேர் முன்னாடி கேளுங்க!"

கெனெஷ்பெக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். வங்கிச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரல்விட்டுக் கூட்டினார். ஆய்வுக்கூடச் சீட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, அவளை ஏதோ மலையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எண்ணூறுதான்" என்றார்.

"ஆமா."

"பதினெட்டு வருஷத்துல இப்படி ஒருத்தர நான் பாத்ததில்ல தங்கச்சி. ஒரு கோட்டப் பத்தி இதுக்கு மேல தெரிஞ்சுக்க ஒண்ணுமே இல்ல." இரண்டு கைகளையும் விரித்தார். "நீ ஜெயிச்சுட்ட."

நடையில் கைதட்டல் எழுந்தது. மமாசாதிக் விசிலடித்தான். நூர்பூபூ கரண்டியால் கதவைத் தட்டினாள். கெனெஷ்பெக் வெட்கப்பட்டவர் மாதிரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார்.

பெர்மெத் ரிஸ்பெக்குக்குப் போன் போட்டாள். "லாரி வருதுண்ணே."

"விட்டுட்டாரா?"

"விடல. ஜெயிச்சேன்."

"பெர்மெத்" என்றார் ரிஸ்பெக். இதுவரை அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அடுத்த வாரம் மூணு லாரி வருது. மூணையும் நீயே பாரு."

ஓட்டுநர்கள் வேலியிலிருந்து கோட்டுகளைக் கழற்றி ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். யாரோ பாடினார்கள். பெர்மெத் முற்றத்தை, ஒரு ராணுவத் தளபதி கடப்பது போல, மெதுவாகக் கடந்தாள். கையெழுத்தான காகிதங்களைக் கொடுக்கும் ஜன்னலுக்கு இந்த வாரத்தில் அவள் போவது இதுதான் முதல் தடவை. கண்ணாடிக்குப் பின்னால் குமாஸ்தா அய்ஜமால் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"முந்நூத்தறுபது பனிக்கோட்டு. அனுமதிச் சீட்டு" என்றாள் பெர்மெத். "இப்பத்தான் கையெழுத்தாகியிருக்கும்."

அய்ஜமால் அடுக்கின் அடியிலிருந்து ஒரு கட்டை உருவித் தூசு தட்டினாள். அதன்மேல் நூறு சோம் நோட்டுகள் எட்டை எண்ணி வைத்து, இரண்டையும் சேர்த்து ஜன்னலுக்கு வெளியே தள்ளினாள்.

"இது திங்கக்கிழமை மத்தியானமே கையெழுத்தாயிடுச்சுக்கா, நீங்கதான் வாங்கவே வரல, இந்தப் பணம் இப்பத்தான் கெனெஷ் அண்ணன் குடுத்துட்டுப் போனது, பேத்திக்கு ஒரு கோட்டு வாங்கலாம்னு அஞ்சு நாளா உங்ககிட்ட விசாரிக்கிறாராம், நீங்க பிடியே குடுக்க மாட்டேங்கிறீங்களாம்."