அசைந்தால் வரும் காற்று

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. கடலூரில் புதுக் கடைகளுக்கு இசைவாணை தருகிற அலுவலகத்துக்கும் கிடையாது. அதனால்தான் போன சித்திரையில், அந்த அலுவலகம் இருக்கும் மூன்றாம் மாடியில் பழைய ஃபேன்களை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, ‘எரிசக்திச் சிக்கனக் காற்றோட்ட அமைப்பு’ ஒன்றை நிறுவினார்கள். ஏசிக் குழாய்க்குள்ளேயே ஃபேன் இருக்கும். அறையைக் குளிர வைக்கும்; வேண்டுமானால் சூடாக்கவும் செய்யும். கடலூருக்கு எதுக்கய்யா சூடு என்று கேட்கக் கூடாது, விதிமுறையில் இருக்கிறது. குளிர் வெளியே ஓடிவிடாதபடி ஜன்னல்களையும் ஆணியடித்து மூடினார்கள்.

திறப்பு விழா அன்று சால்வை, மாலை, போட்டோ என்று ஆட்கள் அலைந்துகொண்டே இருந்தார்கள். ஃபேன் பிரமாதமாக ஓடியது. மறுநாள் அலுவலகம் வழக்கம்போல் இயங்க ஆரம்பித்ததும் நின்றுவிட்டது.

கம்பெனியிலிருந்து சார்லஸ் என்பவர் வந்து, ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். ஃபேனில் கோளாறே இல்லை என்றார். கூரையில் சென்சார் என்று ஒரு கண் வைத்திருக்கிறார்களாம். ஆள் நடமாட்டம் தெரிந்தால்தான் ஃபேன் ஓடும், இல்லாவிட்டால் கரண்ட்டை மிச்சம் பிடிக்கும்.

“நாங்க இத்தனை பேர் இருக்கமே?” என்றார் கண்காணிப்பாளர் சபாபதி.

“இருக்கீங்க சார். அசையலையே. மளமளன்னு நாலு கையெழுத்துப் போட்டாக்கூட ஓடும்.”

அந்த யோசனை பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. கண்ணைப் பிடுங்கிவிட்டால் என்ன என்று யாரோ கேட்டார்கள். அதுவும் ஆகாது. சேமிப்பைப் பற்றி மேலிடத்துக்கு அறிக்கை போய், பாராட்டும் வந்தாகிவிட்டது. வந்த பாராட்டைத் திருப்பி அனுப்ப விதியில்லை. ஆகவே ஒரு சுற்றறிக்கை வந்தது: ‘காற்றோட்டத்தின் நலன் கருதி, பணியாளர்கள் தத்தம் இருக்கையில் உரிய இடைவெளியில் அசைந்து ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ அசைவது எங்கள் பணி விதிகளில் இல்லை என்று ஊழியர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நியாயம்தானே.

கடைசியில் வழி கண்டுபிடித்தது பிரிவு எழுத்தர் காயத்ரி. அலுவலகத்தில் அசையக் கடமைப்பட்டவர்கள் மனுதாரர்கள் மட்டும்தான் என்று அந்தம்மா குறிப்பு வைத்தார். அன்று சாயங்காலமே நாங்கள் உட்காரும் பெஞ்சுகள் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. ‘மனுதாரர்கள் நடந்தவாறு காத்திருக்கவும்’ என்று ஒரு போர்டும் ஏறியது.

நான் நெல்லிக்குப்பத்தில் செல்போன் ரிப்பேர் கடை போடுவதற்காக நடந்தவன். சேத்தியாத்தோப்பு கொளஞ்சியப்பன் உரக்கடைக்காக நடந்தார். எல்லோரையும்விட நன்றாக நடந்தது ஜெயராணி அக்கா. சிதம்பரம் கீழ வீதியில் பேக்கரி. அடுப்பு வந்து இறங்கிவிட்டது, போர்டு மாட்டித் துணி போட்டு மூடியிருக்கிறது, பாண்டிச்சேரியிலிருந்து மாஸ்டரும் வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அந்தக் கவலையில் அக்கா அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் விறுவிறு என்று நடப்பாங்க. கவலை ஏற ஏறக் காற்றும் ஜாஸ்தியாகும்.

அக்கா வராத நாளில் ஆபீஸே வெந்துபோகும். உடனே போன் போவது வழக்கமாகிவிட்டது: உங்க விஷயமா பேசணும், கெளம்பி வாங்க. நம்பி அடித்துப் பிடித்து பஸ் ஏறி வருவாங்க. வந்து நடப்பாங்க.

ஒரு வெள்ளிக்கிழமை, பொறுக்க முடியாமல் சபாபதியின் மேசை முன்னால் போய் நின்றுவிட்டாங்க.

“என் பேப்பர்ல என்னா கொறை சார்?”

“ஒரு கொறையும் இல்லம்மா. அவ்ளோ சுத்தமா இருக்கு.”

“அப்ப கையெழுத்து போடுங்களேன்.”

சபாபதி நிஜமாகவே வருத்தப்பட்டார். “போட்டா நீங்க போயிடுவீங்களேம்மா.”

அக்கா எங்களிடம் வந்தபோது கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. இன்றைக்கும் கடை திறக்க வழியில்லை என்றால் மாஸ்டர் சாயங்கால வண்டிக்கே ஊருக்குக் கிளம்புகிறாராம். ஒரே ஒரு உதவிதான் கேட்டாங்க. “எல்லாரும் அப்படியே அசையாம உக்காந்துடுங்க. கையெழுத்து தானா வரும்.”

எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. எத்தனை நாளைக்கு இவர்களுக்கு விசிறிக்கொண்டே இருப்பது? எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். ஃபேன் முனகிவிட்டு நின்றது.

கொஞ்ச நேரத்தில் அறை இட்லிப் பானை மாதிரி ஆகிவிட்டது. காயத்ரி அம்மாவின் பவுடர் வழிந்தது. சபாபதியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர்களில் ஒருவர் கையை நாலு தரம் ஆட்டியிருந்தால் போதும். பணி விதி என்றால் பணி விதி, ஒருவரும் ஆட்டவில்லை. எங்களுக்கும் வேர்த்து ஊற்றியது. ஆனால் அசையவில்லை.

சபாபதி தோற்றுப்போனார். எல்லார் பேப்பரும் அவர் மேசையிலேயேதான் கிடந்தது; கட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். மேலே இருந்தது ஜெயராணி அக்காவுடையது. பேனா மூடியைக் கழற்றினார். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பேனாவையே பார்த்தாங்க.

“யப்பா, என்னா புழுக்கம்” என்று கொளஞ்சியப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்து விசிறினார்.

ஃபேன் ஓட ஆரம்பித்தது. சில்லென்று காற்று வந்து எல்லோர் பிடரியிலும் பட்டது. சபாபதி நிம்மதியாகப் பேனாவை மூடி சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

கொளஞ்சியப்பன் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். மூடிய பேனா திரும்பவும் திறந்திருக்கும். நாங்களோ, காற்று வருகிற பக்கமாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தோம்.

“நிறுத்தாத மாமா, இன்னும் கொஞ்சம்” என்று ஒரு குரல் கேட்டது.

யார் அது என்று ஜெயராணி அக்கா திரும்பிப் பார்த்தாங்க. நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன்.