பிரிக்காத பை

இருக்கட்டும்காரர் என்று மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். காலையில் சைக்கிளில் போவார். முன்னால் போவது மனிதர், பின்னால் போவது வீடு. ஒரே நாளில் இருநூறு கிலோமீட்டர் ஓட்டி ஒரு பதக்கம் வாங்கிவிட வேண்டும், அதுதான் அவர் ஆசை. சுமையோடு ஓட்டிப் பழகினால்தான் அன்றைக்குக் கால் சொன்னபடி கேட்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்னவர் நன்றாக இருக்கட்டும்.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த ரகத்தில் ஒருவருக்குத்தான் இருபத்திரண்டு வருடமாகச் சமைத்துப் போடுகிறேன்.

நான் சாமி கும்பிட கால் மணி நேரம் போதும். அவருக்குப் பை கட்ட இரண்டு நாள் வேண்டும். அடியில் ஒரு டியூப், துணைக்கு இன்னொன்று, அந்த இரண்டும் சண்டை போட்டுக்கொண்டால் சமாதானத்துக்கு மூன்றாவது, பம்பு, ஸ்பேனர், மழைக்கோட்டு, மழைக்கோட்டு நனைந்தால் போட இன்னொரு மழைக்கோட்டு, டார்ச், கயிறு, எல்லாவற்றுக்கும் மேலே ஊசி நூல்.

“ஊசி எதுக்குங்க?”

“கால்சட்டை கிழிஞ்சா?”

“கிழியலைன்னா?”

“இருக்கட்டும்.”

போன மாதம் பயிற்சிக்கு என் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் இவருடைய பின்சக்கரம் புஸ்ஸென்றது.

“அத்தான், பையை அவுருங்க. டியூபை மாத்திடலாம்.”

“எந்தப் பையை?”

“ம்... பக்கத்து வீட்டுக்காரர் பையை! இதைத்தான் அத்தான்.”

“என்ன மாப்ளே, விளையாடுறியா? பிரிச்சா மறுபடி இந்தக் கட்டு அமையுமா? அதோட, இது அன்னைக்கு ஓட்டறதுக்குன்னு வச்சது.”

பன்னிரண்டு கிலோமீட்டரும் தள்ளிக்கொண்டே வீடு வந்தார். சைக்கிள்மேல் மூன்று டியூபும் சொகுசாக உட்கார்ந்து வந்தன.

அந்த நாளும் வந்தது. ஆண்டவனே, இவர் சக்கரத்துக்கு மட்டும் காற்றைக் கொடு என்று வேண்டினேன். அவன் மூன்று டியூபாகவே கொடுத்திருந்தான்; அவிழ்க்கக் கை அல்லவா நீள வேண்டும்?

நூற்று நாற்பதாவது கிலோமீட்டரில் பஞ்சர். மற்றவர்கள் கடந்து போனார்கள். இவர் யோசித்தார். இப்போதே பிரித்துவிட்டால், மிச்ச அறுபதில் இதைவிடப் பெரிய ஆபத்து வந்தால்? கொஞ்ச தூரத்தில் பஞ்சர் கடை இருக்காதா? இருந்தது. பூட்டியிருந்தது. அடுத்த கடைக்குத் தள்ளினார். தள்ளத் தள்ள நேரமும் தள்ளிக்கொண்டே போனது.

சாயந்திரம் பந்தயம் நடத்தியவர்கள் வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். இறங்கியதும் பையை என்னிடம் நீட்டினார்.

“பாரு, ஒரு முடிச்சுகூட தளரலை.”

சிரித்தபடிதான் சொன்னார். முகத்தை மட்டும் நிமிர்த்தவில்லை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஒரு வருடமாக அந்தப் பதக்கத்துக்கென்று சுவரில் ஆணி அடித்து வைத்திருந்த மனிதர். தண்ணீர் கொடுத்து, முகம் துடைக்கத் துண்டும் கொடுத்தேன்.

ஓரம் கிழிந்த பழைய துண்டுதான். பூப்போட்ட புதுத் துண்டு பீரோவில் இருக்கிறது, ஒன்பது வருடமாக. நாளைக்கு யாராவது வந்தால் வேண்டுமே, இருக்கட்டும்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அதற்கு முன்னால் எழுந்து போய் உங்கள் பீரோவைத் திறந்து மேல்தட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு வாருங்கள். நான் இங்கேயேதான் இருக்கிறேன்.